ஃபேர்வே வுட் வாங்குவதற்கு முன்: பந்து எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்

[காட்சி: காலை நேரம், நந்தனம் காஸ்மோ கோல்ஃப் மைதானம். கட்டையாக வெட்டிய புல்லில் ஒரு பந்து. அதன் பின்னால் 3-வுட்.]

வணக்கம். சென்னையில் கோல்ஃப் ஆடுகிறவர்களின் பையில், முதல் அடிக்கான நீளக் கிளப்பான டிரைவருக்கு அடுத்து அநேகமாக ஒரு 3-வுட் (ஃபேர்வேயில், அதாவது கட்டையாக வெட்டிய புல்வெளியில், கிடக்கும் பந்தை அடிக்கும் ஃபேர்வே வுட்களில் ஒன்று) இருக்கும். செட்டோடு சேர்ந்து வந்ததாக இருக்கும், இல்லையென்றால் டிரைவர் வாங்கிய கையோடு வாங்கியதாக இருக்கும். அதே 3-வுட்டைத் தரையில் கிடக்கும் பந்துக்கு எடுக்கச் சொன்னால் பலரும் தயங்குகிறார்கள். பந்து இடுப்பு உயரத்துக்கு மேல் எழும்பாமல் ஓடிவிடுகிறது. உடனே ஸ்விங்கில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நல்ல ஸ்விங் உள்ளவருக்கும் இது நடக்கிறது. அவருடைய வேகத்துக்கு அந்த லாஃப்ட், அதாவது கிளப் முகத்தின் சாய்வு, ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். லாஃப்ட் 3-வுட்டில் சுமார் 15 டிகிரி, 5-வுட் 18, 7-வுட் 21, 9-வுட் 24. எண் கூடக் கூட ஷாஃப்ட், அதாவது கிளப்பின் தண்டு, ஏறக்குறைய அரை அங்குலம் குறையும். கம்பெனிக்குக் கம்பெனி ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கும் என்பதால், கிளப்பின் தலையில் பொறித்திருக்கும் லாஃப்டையும் பார்த்து வாங்குங்கள்.

[காட்சி: இரண்டு கோடுகள். ஒன்று தாழ்வாகப் போய்ச் சரிந்து இறங்குகிறது. மற்றொன்று உயர்ந்து செங்குத்தாக விழுகிறது.]

கடையில் எல்லோரும் கேட்பது, எத்தனை யார்டு போகும் என்பதைத்தான். நான் முதலில் கேட்பது, எந்தக் கோணத்தில் இறங்கும் என்பதை. பந்து பறப்பதை அளக்கும் ட்ராக்மேன் நிறுவனம் முன்பு வெளியிட்ட சராசரிக் கணக்கில், பிஜிஏ டூர் என்ற தொழில்முறைத் தொடரில் ஆடும் ஆண்கள் 3-வுட்டை மணிக்கு 107 மைல் வேகத்தில் வீசுகிறார்கள், பந்து 43 டிகிரியில் இறங்குகிறது. 5-வுட்டில் அது 47 டிகிரி. எல்பிஜிஏ தொழில்முறைத் தொடரில் ஆடும் பெண்களின் கணக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது: 3-வுட் வேகம் 90 மைல், இறங்கும் கோணம் 39. அவர்களே 7-வுட் அடித்தால் 46. கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையில், பந்து நிற்க 45 டிகிரி பக்கத்தில் இறங்க வேண்டும் என்பது ஆளுக்கேற்ற கிளப்பைப் பொருத்தித் தரும் ஃபிட்டர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே 90 மைலில் 3-வுட் 39 டிகிரியில்தான் இறங்குகிறது என்றால், அதைவிட மெதுவாக வீசும் நமக்கு அது கிரீனைத் தாண்டி ஓடாமல் என்ன செய்யும்?

உயர லாஃப்ட் எடுப்பதைச் சிலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். 2020 நவம்பரில் கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற டஸ்டின் ஜான்சனின் பையிலும் 7-வுட் இருந்தது. அப்போது டிரைவரை மிக நீளமாக அடித்தவர்களில் ஒருவர் அவர்.

இப்போது கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

[காட்சி: மிக நெருக்கத்தில் பந்தும் கிளப் முகமும், பக்கவாட்டுப் பார்வை.]

விதிப்படி பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அப்படியென்றால் தரையில் இருக்கும் பந்தின் மையம் சுமார் 21 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 15 டிகிரி சாய்ந்த முகம் பந்தை மையத்துக்கும் கீழே, தரையிலிருந்து சுமார் 16 மில்லிமீட்டர் உயரத்தில் தொடும். கிளப்பின் அடிப்பகுதி புல்லை உரசிக்கொண்டே வந்தால் கிடைக்கும் உயரம் இது. தலை அரை சென்டிமீட்டர் தூக்கி வந்தால்கூட, பந்து முகத்தின் கீழ் விளிம்பில் பட்டுவிடும். அங்கே பட்டால் பந்து தாழ்வாகக் கிளம்பி, ஸ்பின், அதாவது பின்னோக்கிய சுழற்சி, மட்டும் கூடி, தூரத்தையும் தின்றுவிடும்.

அதனால்தான் முகத்தின் உயரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். உயரமான முகம் டீ என்ற சிறு குச்சியின் மேல் வைத்த பந்துக்கு நல்லது. தரையில் கிடக்கும் பந்துக்குத் தட்டையான, குள்ளமான முகம் வேண்டும். அதில் கிளப்பின் எடை மையம் கீழே இருக்கும். எடை பின்பக்கம் தள்ளியிருந்தால் பந்து எளிதாக எழும்பும், ஓரத்தில் பட்டாலும் முகம் அதிகம் திரும்பாது. எடை முன்பக்கம் இருந்தால் ஸ்பின் குறைந்து பந்து தாழ்வாகப் பாயும். விளம்பரங்களில் 'லோ ஸ்பின்' என்று பெருமையாகப் போடுவார்கள். வேகமாக வீசுகிறவருக்கு அது வரம். டிரைவரிலேயே 90 மைலைத் தொடாதவருக்குப் பந்தை மேலே தாங்கிப் பிடிப்பதே அந்த ஸ்பின்தான். அதைக் குறைத்தால் பறக்கும் தூரமும் குறையும்.

[காட்சி: மழைக்குப் பிந்தைய ஃபேர்வே. ஈரத்தில் விழுந்த பந்து உருளாமல் நிற்கிறது.]

நம் ஊர்த் தரையும் இதில் ஒரு கட்சி. ஏப்ரல், மே வெயிலில் நிலம் காய்ந்து இறுகிப்போகும். தாழ்வாகப் போன பந்தும் உருண்டு உருண்டு தூரம் சேர்த்துவிடும், 3-வுட் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். வடகிழக்குப் பருவமழை தொடங்கி அக்டோபர், நவம்பர் வந்ததும் அந்த உருளல் போய்விடும். காற்றில் பறந்த தூரம் மட்டும்தான் மிச்சம். அப்போது பார்த்தால், 3-வுட்டும் 5-வுட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்து கிடக்கும்.

சரி, கடல் காற்று? மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அடிக்கும்போது, உயரப் போகும் பந்து எதிர்காற்றில் மேலேயே நின்று செத்து விழும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்காக 3-வுட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. 5-வுட்டை ஓர் அங்குலம் கீழே பிடித்து, முக்கால் வேகத்தில் வீசிப் பாருங்கள். வேகம் குறைந்தால் ஸ்பின்னும் குறையும், பந்து காற்றைத் துளைத்துக்கொண்டு போகும். எதிர்காற்றில் பலமாக அடிக்க முயல்வதுதான் பந்தை இன்னும் மேலே ஏற்றுகிறது.

[காட்சி: பயிற்சி ரேஞ்சில் விரித்திருக்கும் செயற்கைப் புல் பாய். பந்தில் மார்க்கரால் வைத்த புள்ளி.]

வாங்குவதற்கு முன் சோதிப்பது எப்படி? ரேஞ்ச் பாயை நம்பாதீர்கள். பந்துக்கு முன்னால் தரையைத் தொட்டாலும் கிளப் பாயின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து பந்தைச் சேர்ந்துவிடும், நல்ல ஷாட் மாதிரி தெரியும். புல்லில் அதே வீச்சு மண்ணை வெட்டும். முடிந்தவரை புல்லில், டீ இல்லாமல் அடித்துப் பாருங்கள். அப்புறம் ஒரு சின்ன வேலை: ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்து அடியுங்கள். பட்ட இடம் கிளப் முகத்தில் பதிந்திருக்கும். புள்ளிகள் எல்லாம் கீழ் விளிம்பிலேயே கூடினால், அடுத்த லாஃப்டுக்கு ஏறிவிடலாம்.

லாஃப்ட் மாற்றக்கூடிய கிளப்பில் லாஃப்டைக் கூட்டினால் முகமும் கொஞ்சம் மூடிக்கொள்ளும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். ஸ்லைஸ் (வலப்பக்கம் வளையும் ஷாட்) அடிப்பவருக்கு அது உதவி, ஹூக் (இடப்பக்கம் வளையும் ஷாட்) அடிப்பவருக்கு உபத்திரவம். ஷாஃப்டைப் பற்றி ஒன்று மட்டும்: டிரைவர் ஷாஃப்டை விட எடை கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

வுட்டுக்கும் இரும்புக் கிளப்புக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் இருக்கிறதே என்பவர்களுக்கு: ஒரே லாஃப்டில் 7-வுட் உயரமாகப் போய் மென்மையாக இறங்கும், ஹைப்ரிட் தாழ்வாகப் போகும், நெடும்புல்லில் இருந்து எளிதாக வெளியே வரும். எந்தப் புல்லில் அதிகம் கிடக்கிறீர்களோ அதற்கேற்ப எடுங்கள். இரண்டையும் வைத்திருந்தால், காற்றில் பறக்கும் தூரத்தை மட்டும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 10 யார்டுக்குள் இருந்தால் ஒன்றை வீட்டில் விட்டுவிடலாம். பையில் 14 கிளப்புக்கு மேல் இடமில்லை, அந்த இடத்தில் குறுகிய தூரத்துக்கு அடிக்கும் இன்னொரு வெட்ஜ் வைத்துக்கொள்ளலாம்.