கெரோபோகான் சிறையில் ஓர் ஓவிய மாணவர்

(ஓவிய ஆசிரியர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

‘சிறையில் ஓவியக் கல்வி’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மறுவாழ்வுத் திட்டங்கள், அரசின் கடமை என்று நான் பேசுவேன் என அமைப்பாளர்கள் நினைத்திருக்கலாம். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. நான் ஓவிய வாத்தியார். எனக்கு மாணவர்களைப் பற்றித்தான் பேசத் தெரியும். அதனால் இன்று ஒரே ஒரு மாணவரைப் பற்றிப் பேசுகிறேன். பெயர் மயூரன் சுகுமாரன்.

இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1981-இல் லண்டனில் பிறந்தவர், சிட்னியில் வளர்ந்தவர். 2005 ஏப்ரல் 17 அன்று, தம் இருபத்து நான்காவது பிறந்தநாளில், இந்தோனேசியாவின் பாலித் தீவில் கைதானார். உடன் கைதானவர்கள் எட்டுப் பேர். பாலியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கடத்தவிருந்த ஹெராயின் எட்டுக் கிலோவுக்கும் மேல். கூட்டத்தை நடத்தியவர்கள் மயூரனும் ஆண்ட்ரூ சானும் என்று தீர்ப்பானது. 2006 பிப்ரவரியில் இருவருக்கும் மரண தண்டனை.

அந்த எட்டுக் கிலோவைத் தாண்டிக் குதித்துவிட்டு ஓவியத்துக்குப் போய்விட எனக்கு மனம் வரவில்லை. ஹெராயினால் நாசமான வீடுகளில் இருப்பவர்களிடம் போய் ‘அவர் நன்றாகப் படம் வரைவார்’ என்று சொல்ல முடியாது. முதலில் குற்றத்தை மறுத்த மயூரனும் பின்னாளில் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அது இருக்கட்டும். நான் பேச வந்தது, அதன் பிறகு அவர் என்ன படித்தார் என்பதை.

சிறைகளில் கைத்தொழில் புதிதல்ல. தறி, தச்சு, தையல், ரொட்டி அடுப்பு எல்லாம் நம் ஊரிலும் உண்டு. அவற்றுக்கு ஒரு நியாயம் உடனே கிடைத்துவிடுகிறது: பொருள் விற்கும், வெளியே போனால் பிழைப்புக்கு ஆகும். அஞ்சல்வழிப் பட்டங்களும் உண்டு. புத்தகம் வரும், படித்துத் தேர்வெழுதலாம். நுண்கலைப் பட்டம் இந்த இரண்டிலும் சேராது. தொலைநிலையில் படிப்பவர் ஓவியத்தை வரைந்தால் மட்டும் போதாது. அது எப்படி வளர்ந்தது என்று கட்டம் கட்டமாகக் காட்ட வேண்டும், கலை வரலாறு படித்துக் கட்டுரை எழுத வேண்டும், தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். ‘ஏன் செய்தாய்?’ என்று காவலர் கேட்டிருப்பார், நீதிபதி கேட்டிருப்பார். ‘ஏன் இந்த இடத்தில் இந்தச் சிவப்பு?’ என்று கேட்பது வேறு வகையான கேள்வி. பதில் சரியில்லை என்றால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். அப்படிக் கேட்க அவருக்கு ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது: ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள கர்ட்டின்.

பாலியில் அவர் இருந்த கெரோபோகான் சிறை, கட்டப்பட்ட அளவைவிடப் பல மடங்கு கூட்டம் அடைந்து கிடந்த இடம். அதற்குள் ஒரு கலைக்கூடம் அமைக்க அனுமதி வாங்கினார். ஓவியம், கணினி, ஆங்கிலம், வரைகலை வடிவமைப்பு, டி-ஷர்ட்டில் அச்சிடுவது என வகுப்புகள் நடந்தன. ஒரு பக்கம் மற்ற கைதிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர், இன்னொரு பக்கம் தாமே மாணவர். வகுப்பெடுத்துக்கொண்டே படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்தச் சோர்வும் உங்களுக்குத் தெரியும், அந்த ருசியும் தெரியும்.

2012-இல் ஆஸ்திரேலிய ஓவியர் பென் குவில்டி அங்கே கற்றுக்கொடுக்க வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான், மூத்த ஓவியர் மார்கரெட் ஓலியை வரைந்த படத்துக்காக, ஆஸ்திரேலியாவில் உருவப்படத்துக்குப் பெயர்போன ஆர்ச்சிபால்ட் பரிசை வாங்கியிருந்தார். குவில்டியின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வண்ணத்தைத் தீட்டமாட்டார், சுவருக்குச் சாந்து பூசுகிற மாதிரி அப்புவார். மயூரனின் படங்களிலும் அந்தத் தடிமன் ஏறிவிட்டது. ‘இது குவில்டியின் நிழல்’ என்று குறை சொல்லலாம். நானும் சொல்வேன். இரண்டாம் ஆண்டு மாணவன் தன் ஆசிரியரைப் போல வரையாமல் வேறு யாரைப் போல வரைவான்?

அவர் திரும்பத் திரும்ப வரைந்தது தம் முகத்தைத்தான். தன்னுருவப்படம் என்றால் தற்பெருமை என்று நினைப்பவர்கள் ஒருமுறை கண்ணாடி முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். நான் முப்பது ஆண்டுகளாக மாணவர்களை உட்காரவைத்திருக்கிறேன். முதல் பத்து நிமிடம் தலையைச் சரிசெய்துகொள்வார்கள். பிறகு வாயின் ஒரு ஓரம் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பது தெரியும். அதற்கும் பிறகு, கண்ணுக்குக் கீழே இருப்பது கோடல்ல, பள்ளம் என்று தெரியும். நம் தோல் நிறத்தில் இன்னொரு சிக்கல். கறுப்பான முகத்துக்குக் கறுப்பு டியூபை எடுத்தால் முகம் கரிக்கட்டையாகிவிடும். பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பில் கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம் சேர்க்க வேண்டும், நெற்றி மினுங்குகிற இடத்தில் துணிந்து ஒரு வெளிர் நீலமோ இளஞ்சிவப்போ வைக்க வேண்டும். மயூரன் அந்தத் துணிச்சலைக் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு தமிழ் முகத்தில் இத்தனை நிறம் இருக்கிறதா என்று நானே நின்று பார்த்தேன். பார்த்தேன் என்றால், அச்சிலும் திரையிலும்தான். எண்ணெய் ஓவியத்தைத் திரையில் பார்த்து அபிப்பிராயம் சொல்வது, சாம்பாரைப் படத்தில் பார்த்து உப்பு குறைவு என்பதைப் போல. மன்னிக்க வேண்டும்.

இடையில் ஒன்று. பிளஸ் டூ முடித்த பிள்ளை ‘ஓவியக் கல்லூரியில் சேரட்டுமா’ என்று கேட்டால் நம் வீடுகளில் என்ன பதில் வரும்? எனக்கு வந்த பதில், ‘படம் வரைந்தால் சோறு வருமா?’ மரண தண்டனைக் கைதியிடம் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. சோறு சிறையே போட்டுவிடும். கேட்க மிஞ்சியிருப்பது வேறொன்று: சுட்டுக் கொல்லப்படப்போகிறவருக்குப் பட்டம் எதற்கு?

எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் 1937-இல் ஸ்பெயினின் செவில் நகரச் சிறையில், எந்த நேரமும் சுடப்படலாம் என்ற நிலையில் இருந்தார். அப்போது, பகா எண்களுக்கு முடிவில்லை என்ற யூக்ளிடின் நிரூபணத்தை ஒரு கம்பித் துண்டால் சுவரில் கீறிக்கொண்டிருந்தாராம். உயிர் தப்பிய அவர், பிற்காலத்தில், 1962-இல், பிரிட்டனில் கைதிகளின் கலைக்கென்று ஒரு விருதைத் தொடங்கினார். இன்றும் அது நடக்கிறது. அந்தச் சுவரில் கீறிய நேரத்தில் அவருக்கு அந்த நிரூபணத்தால் என்ன பயன் என்று கேட்டுப் பாருங்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைவிட உருப்படியாக அவர் என்ன செய்திருக்க முடியும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

2014 டிசம்பரில் மயூரனின் கருணை மனுவை இந்தோனேசியாவின் அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ நிராகரித்தார். 2015 பிப்ரவரியில் கர்ட்டின் பல்கலைக்கழகம் அவருக்கு நுண்கலையில் இணைநிலைப் பட்டம் வழங்கியது. இளநிலைப் பட்டத்துக்கு ஒரு படி கீழே இருப்பது. மார்ச் 4 அன்று அவரையும் சானையும் தண்டனை நிறைவேற்றும் நுசகம்பாங்கான் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் வரைந்தார். தம் மனுவைத் தள்ளிய அதிபரின் முகத்தையே வரைந்து, பின்புறத்தில் ‘மனிதர்கள் மாற முடியும்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். ஓர் இதயத்தை வரைந்தார். அவரையும் சேர்த்து, வெவ்வேறு வழக்குகளில் மரண தண்டனைக்குக் காத்திருந்த ஒன்பது பேரும் அதில் கையெழுத்திட்டார்கள்.

இதில் அதிபர் படத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அது ஓவியமா, மனுவா? மனுதான் என்று நினைக்கிறேன். முகம் வெறும் முகமாக நின்றுவிட்டது. தம்மை வரைந்த படங்களில் இருக்கிற அந்தத் தடுமாற்றம் அதில் இல்லை.

இந்தோனேசியச் சட்டப்படி, தண்டனை நிறைவேற்றுவதற்கு 72 மணி நேரம் முன்பு அறிவிக்க வேண்டும். ஏப்ரல் 25 அன்று அறிவித்தார்கள். அன்றும் ஒரு தன்னுருவப்படம் வரைந்தார். ‘72 மணி நேரம் இப்போதுதான் தொடங்கியது’ என்பது அதற்கு அவர் வைத்த பெயர். ஏப்ரல் 29 நள்ளிரவு கழிந்ததும் மயூரன், சான் உட்பட எட்டுப் பேரைச் சுட்டார்கள். ஒன்பதாவதாக இருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணுக்குக் கடைசி நேரத்தில் தள்ளிவைத்தார்கள். 2024 டிசம்பரில் அவர் தாய்நாடு திரும்பிவிட்டார்.

2017-இல் சிட்னியை அடுத்த கேம்பல்டவுன் கலை மையத்தில், குவில்டியும் மையத்தின் இயக்குநரும் சேர்ந்து மயூரனின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். இவரைத் தியாகியாக்குகிறார்கள் என்று சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்தை நான் ஒதுக்கமாட்டேன்.

நம் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். எண்ணெய் வண்ணத்தை அந்த அளவுக்கு அப்பினால், தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்கு வரவே வாரக்கணக்கில் ஆகும். 72 மணி நேரத்தில் மேல் தோல்கூட இறுகாது. ஏப்ரல் 25-இல் வரைந்த அந்த முகம், மே மாதத்தில்தான் எங்கோ ஒரு சுவரில் சாய்ந்து நின்று காய்ந்திருக்கும்.

வணக்கம்.