கல்யாணம் வேண்டாம் என்ற தறிக்காரி: 1912இல் ஒரு நாடகம்

(திரையில்: பிளாக்பூல் முத்திரை விழுந்த தபால் கார்டு)

வணக்கம். இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு மில் தொழிலாளியின் வீடு. விடுமுறைக்குப் போயிருந்த, மில்லில் தறி ஓட்டும் மகள் ஃபேனி திரும்பி வருகிறாள். தோழி மேரியோடு பிளாக்பூல் கடற்கரையில் இருந்ததாகச் சொல்கிறாள். அங்கிருந்து வந்த கார்டும் சாட்சிக்கு இருக்கிறது. ஆனால் மேரி கடலில் மூழ்கி இறந்துபோன சேதி பெற்றோருக்கு முன்பே வந்துவிட்டது, ஃபேனிக்குத்தான் தெரியாது. அவள் உண்மையில் தங்கியிருந்தது வேல்ஸில், லாண்டட்னோ ஓட்டலில், மில் முதலாளி மகன் ஆலனுடன்.

இது ஸ்டான்லி ஹௌட்டன் எழுதிய 'ஹிண்டில் வேக்ஸ்' நாடகம். ஹிண்டில் ஒரு கற்பனை ஊர், வேக்ஸ் என்றால் மில் ஊர்களின் வருடாந்திர விடுமுறை. மான்செஸ்டரில் ஆனி ஹார்னிமன் நடத்திய குழு, 1912 ஜூனில் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் இதை மேடையேற்றியது.

(திரையில்: முதலாளி வீட்டுக் கூடம்)

அப்புறம் என்ன, பெரியவர்கள் கூடிக் கல்யாணம் பேசுகிறார்கள். ஆலனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகியிருக்கிறது. ஆனாலும் ஃபேனியைத்தான் கட்ட வேண்டும் என்று அவன் அப்பாவே பிடிவாதமாக நிற்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் உட்பட ஒருவரும் ஃபேனியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் அவளே வாய் திறக்கிறாள். உனக்கு நான் ஒரு சின்ன ஆசை, எனக்கும் நீ அப்படித்தான் என்ற பொருளில் ஆலனிடம் நேராகவே சொல்லி, கல்யாணத்தை மறுக்கிறாள். 1893இல் வந்த நாடகாசிரியர் பினிரோவின் நாடகத்தில், 'கடந்த காலம்' உள்ள, அதாவது முன்பு வேறு ஆண்களோடு உறவில் இருந்த பவுலா தற்கொலை செய்துகொள்கிறாள். அந்த முடிவுகளுக்குப் பழகியவர்களுக்கு இது பேரதிர்ச்சி.

(திரையில்: வரிசையாக ஓடும் தறிகள்)

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? என்னைக் கேட்டால், கூலியிலிருந்து. அன்றைய லங்காஷயர் தறிக்கூடங்களில் பெண்களே அதிகம். 1892 கூலிப் பட்டியலின்படி, நெய்த துணிக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். அம்மா வீட்டில் இடமில்லை என்றாலும், கைத்தொழில் இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன் என்கிறாள் ஃபேனி. அன்று அவளுக்கு ஓட்டுரிமைகூட இல்லை!

அனுமதிச் சிக்கலையும் சொல்ல வேண்டும். 1968 வரை பிரிட்டனில், நாடகங்களைத் தணிக்கை செய்த அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் அலுவலகம் உரிமம் தராமல் எந்தப் புது நாடகமும் பொதுமேடை ஏற முடியாமல் இருந்தது. கருக்கலைப்பால் ஒரு பெண் இறப்பதைப் பேசிய கிரான்வில் பார்க்கரின் 'வேஸ்ட்' 1907இல் தடைபட்டது. ஃபேனிக்கு அந்தக் கதி வரவில்லை. லண்டனில் பொதுமக்கள் பார்க்கவே நாடகம் ஓடியது.

(திரையில்: காலியான கூடம்)

ஹௌட்டனின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்த இடம் முடிவுதான். ஃபேனி மறுத்ததும் ஆலன், முறிந்த நிச்சயத்தை ஒட்டவைக்கப் பழைய காதலியைத் தேடிக் கிளம்புகிறான். அவன் எதையும் இழக்கவில்லை. ஃபேனிதான் தங்க வேறு இடம் பார்க்க வேண்டும்.