ப்ளே ஸ்கூலில் அடிக்கிற பிள்ளை: வீட்டில் என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். பின்னாடி குக்கர் விசில் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், சமையல் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் மாதம் ப்ளே ஸ்கூல் திறந்ததிலிருந்து எனக்கு வருவது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "என் பையன் எல்லாப் பிள்ளைகளையும் அடிக்கிறானாம். மிஸ் தினமும் டைரியில் எழுதி அனுப்புகிறார். என்ன செய்வது?" நான் ப்ரீ கேஜி மிஸ்ஸாக இருந்தவள், அந்த டைரியை எழுதி அனுப்பிய பக்கத்து ஆள். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

முதலில் ஒன்று. உங்கள் பிள்ளை ரவுடியாகப் போகிறான் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ராம்ப்ளே என்ற ஆய்வாளர் பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தவர். மனிதர்கள் அதிகமாகக் கை நீட்டுவது வாலிப வயதில் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை, இரண்டு மூன்று வயதில்தானாம். அப்புறம் பெரும்பாலான பிள்ளைகளிடம் அது தானாகவே குறைந்துகொண்டு வருகிறது, பேச்சும் பொறுமையும் வர வர. "இது என் வண்டி, இன்னும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டுத் தர்றேன்" என்று சொல்ல அந்த வயதில் எத்தனை வார்த்தை கோர்க்க வேண்டும்? தள்ளிவிட ஒரு கை போதும்.

சாயங்காலம் வேனில் இருந்து இறங்கியதும் "ஏன்டா அடிச்ச?" என்று பிடித்துக்கொள்கிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதற்குப் பதில் தெரியாது. நாம் விடாமல் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். கேட்க வேண்டியது மிஸ்ஸிடம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யாரை, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. இந்த நான்கையும் ஒரு வாரம் குறித்துத் தரச் சொல்லுங்கள். மிஸ்ஸுக்கு வேலை அதிகம், தெரியும். தன்மையாகக் கேட்டால் செய்வார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். "எல்லாரையும் அடிக்கிறான்" என்றுதான் பேச்சு. உட்கார்ந்து கவனித்தால், பாதிக்கு மேல் ஸ்நாக்ஸுக்கு முன்னால் கை கழுவ வரிசையில் நிற்கும்போதுதான். வராந்தாவில் இருப்பது ஒரே குழாய். ஆயாம்மா ஒவ்வொருவருக்காகக் கையைத் தேய்த்து விடுவதற்குள் பின்னாடி தள்ளுமுள்ளு. யாராவது முதுகில் இடித்தால் போதும், இவன் திரும்பிப் பார்க்காமலே கையை வீசுவான். யார் மேல் படுகிறதோ அது அவர்கள் பாடு. வீட்டில் விசாரித்தால், வேன் சீக்கிரம் வருகிறது என்று காலையில் வெறும் பாலோடு அனுப்பியிருக்கிறார்கள். பசி வேறு. அவனை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினோம். அவன் அம்மா வேன் வருவதற்குள் ஒரு இட்லியை ஊட்டிவிட ஆரம்பித்தார். குழாயடிச் சண்டை போயிற்று. மூன்று சக்கர சைக்கிள் சண்டை மட்டும் அந்த வருடம் முழுக்க இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 1961-ல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நர்சரியில் ஒரு சோதனை செய்தார். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் குத்துகிறார், சுத்தியலால் அடிக்கிறார், கத்துகிறார். அதைப் பார்த்த பிள்ளைகளில் நிறையப் பேர் அப்புறம் அதே பொம்மையை அதே மாதிரி அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே சொல்லிக்கொண்டு.

நமக்குப் பொம்மையே தேவையில்லை, தரை போதும். பிள்ளை தடுக்கி விழுந்து அழுதால் பாட்டி என்ன செய்வார்? "இந்தத் தரைதானே பாப்பாவைத் தள்ளிச்சு? அடி, அடி, நல்லா அடி." பிள்ளையும் அழுகையை நிறுத்திவிட்டுத் தரையை அடிக்கும். வலி தந்தவனை அடித்தால் வலி போய்விடும் என்ற பாடம் ஒரு வயதிலேயே முடிந்தது. அப்புறம் "தாத்தாவை ஒரு அடி போடு பார்க்கலாம்" என்று சொல்லி, அது அறைந்ததும் வீடே சிரித்து, மொபைலில் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம். அதே அறையைப் பள்ளியில் கொடுத்தால் டைரியில் வருகிறது. பிள்ளைக்குத் தலைசுற்றாதா? இதில் உச்சம், "இனிமே அடிப்பியா? அடிப்பியா?" என்று கேட்டுக்கொண்டே முதுகில் ரெண்டு வைப்பது.

சரி, கண் முன்னால் அடித்தால் என்ன செய்வது? முதலில் அடிபட்ட பிள்ளையிடம் போங்கள். அப்புறம் அடித்தவன் உயரத்துக்குக் குனிந்து கையைப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். லெக்சர் வேண்டாம். கோபம் தணிந்த பிறகு, "'எனக்கும் வேணும்'னு சொல்லு" என்று வார்த்தையை எடுத்துக்கொடுங்கள். கட்டாயமாக "சாரி" சொல்ல வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடித்துவிட்டு ஓடிக்கொண்டே "சாரி" சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள், பறித்த பொம்மையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அது புரியும்.

தூக்கத்தையும் பாருங்கள். மூன்று நான்கு வயதுக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சீரியல் முடிந்து, அப்பா வந்து, படுக்கப் பதினொன்று ஆகிறது. காலை ஆறரைக்கு எழுப்புகிறோம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வயது தாண்டியும் "பால் தா", "அம்மா வா" மாதிரி ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றாலோ, அடிக்கடி சளி பிடித்து, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ, குழந்தை மருத்துவரிடம் சொல்லிக் காதையும் பரிசோதியுங்கள். நடுக்காதில் நீர் கோத்தால் காது மந்தமாகும். பக்கத்துப் பிள்ளை "நகரு" என்றது காதில் விழாமல் சண்டை வந்திருக்கலாம். அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. மையம், அதாவது பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவுகிற மாவட்ட மையம், எங்கே என்று கேளுங்கள். தேசிய சிறார் நலத் திட்டத்தில் வருவது, பார்ப்பது இலவசம்.

கடைசியாக, அடிபட்ட பிள்ளையின் அம்மாவைச் சந்திக்கும்போது "எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்லைங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். "பாப்பாவுக்கு வலி எப்படிங்க இருக்கு?" அதுதான் முதல் பேச்சு. ஸ்கூல் குரூப்பில் பதில் எழுதாதீர்கள், போன் போட்டுப் பேசுங்கள். கடிக்கிற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, அது தனிக் கதை, அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.