பழைய கடனுக்கு அவகாசம் கேட்டுக் கையெழுத்துப் போடலாமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 2019இல் தனியார் நிதி நிறுவனம் ஒன்றில், அடமானம் ஏதுமின்றி, 24 மாதத் தவணையில் தம் பெயரில் கடன் வாங்கியவர், 2020 மார்ச்சில் பொது முடக்கம் வந்ததும் கட்டுவதை நிறுத்திவிட்டார். இப்போது வசூலுக்கு வருகிறவர், ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு, மீதிக்கு அவகாசம் வேண்டும் என்று தாம் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போட்டால் வட்டி குறையும் என்கிறாராம். பச்சைத் தேயிலை எடை போடும் இடத்துக்கே வந்து நாலு பேர் முன்னால் சத்தம் போடுகிறார் என்றும் எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போடலாமா, கடிதம் எழுதுவதானால் எப்படி எழுதுவது என்பது கேள்வி.

சகோதரி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கடனுக்குத் தவணை தவறிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கொரோனாவை முன்னிட்டு, 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பலரும் இதை மறந்துவிட்டு 2023உடன் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நீங்கள் கட்டாமல் விட்ட தவணைகள் அனைத்தும் அந்த இடைவெளிக்குள் அடங்குவதால், மூன்று ஆண்டுகளை 2022 மார்ச் முதல் எண்ண வேண்டும். அது 2025 பிப்ரவரியோடு முடிந்தது. இடையில் நீங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை, அவர்களும் வழக்கோ நடுவர் விசாரணையோ (நீதிமன்றத்துக்கு வெளியே, ஒப்பந்தப்படி ஒருவரை அமர்த்தித் தீர்ப்புப் பெறுவது) தொடங்கவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். நிலத்தை அடமானம் வைத்த கடன் என்றால் 12 ஆண்டுகள் என்பதை மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் ஓடும். கெடு முடிந்த பிறகும்கூட, “கட்டிவிடுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைச் செல்லுபடியாகும் புதிய ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்ளும். அவர் நீட்டுகிற தாள் எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். கடனே இல்லாமல் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. வழக்குப் போட்டு வாங்கும் வழிதான் அடைபடுகிறது, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் பாக்கி தெரியவே செய்யும். மனமுவந்து தீர்க்க நினைத்தால், இவ்வளவு கட்டினால் கணக்கு முடிந்தது என்று நிறுவனத்தின் கடிதம் கைக்கு வந்த பிறகு கட்டுங்கள்.

நம் ஊர்களில் கடிதம் எழுத உட்கார்ந்தால், இலைக்கு விலை இல்லை, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், அதனால் கட்ட முடியவில்லை, மன்னியுங்கள் என்று மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுகிறோம். அந்த “கட்ட முடியவில்லை” என்ற ஒரு சொல்லே ஒப்புதலாகிவிடக்கூடும். ஆகவே இவ்வளவு போதும்: “இன்ன கடன் எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் முகவர் என்னிடம் பணம் கோருகிறார். இக்கடிதத்தால் நான் எந்தத் தொகையையும் ஒப்புக்கொள்ளவில்லை, செலுத்துவதாக உறுதியளிக்கவும் இல்லை. ஒப்பந்த நகல், முழுக் கணக்கு விவரம், கடைசியாகப் பணம் வரவான தேதி, முகவருக்கு நீங்கள் கொடுத்த அதிகாரக் கடிதம் ஆகியவற்றை அனுப்பிவையுங்கள்.” இதை வீட்டுக்கு வருகிறவரிடம் கொடுக்காமல், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

எடை போடும் இடத்தில் அவமானப்படுத்தியதைத் தனிக் கடிதமாக, தேதி, நேரத்தோடு அதே அதிகாரிக்கு எழுதுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, பொது இடத்தில் இழிவுபடுத்தக் கூடாது, உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. 30 நாட்களில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். விவரத்துக்கு 14448 என்ற எண்ணை அழையுங்கள். கந்துவட்டிக்காரர் என்றால் இந்த வழி உதவாது, காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

நீதிமன்றத்திலிருந்தோ நடுவரிடமிருந்தோ அழைப்பாணை வந்தால் மட்டும், கெடு முடிந்த கடன்தானே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நேரில் போய், காலம் கடந்த கோரிக்கை என்று எழுத்து மூலம் சொல்ல வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருவார்கள். உதகையில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம், அல்லது 15100இல் கேட்கலாம்.