அந்த இல்லத்துக்குப் போகாதீர்கள்

வேலூரில் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்

அனைவருக்கும் வணக்கம். இங்கே பாதிப் பேர் நர்சிங், சமூகப்பணி படிப்பவர்கள். நேபாளத்துக்கோ கம்போடியாவுக்கோ போய், ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் ரெண்டு வாரம் சேவை செய்யலாமா என்று சிலர் கேட்டீர்கள். நல்ல மனசு. ஆனாலும் போகாதீர்கள் என்றுதான் சொல்லப்போகிறேன்.

கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த வருஷங்களில் அங்கே போர் இல்லை. கூடியது சுற்றுலாப் பயணிகள். இல்லத்தில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். நேபாளத்தில் ஹும்லா போன்ற மலை மாவட்டங்களில், காத்மாண்டுவில் படிக்க வைக்கிறேன் என்ற தரகனை நம்பிப் பிள்ளையோடு பணத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். அங்கே போனதும் அது அனாதைப் பிள்ளை. ஆள் வந்தால்தானே கடைக்காரன் சரக்கு எடுத்து வைப்பான்? இப்படிப்பட்ட தன்னார்வப் பயணங்கள் குழந்தைக் கடத்தலுக்கு வழிவிடுகின்றன என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானத்தில் எழுதியது.

"நான் போகிற இல்லம் நேர்மையானது சார்" என்பீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். வாசலில் நுழைந்ததும் நாலு வயதுக் குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். உங்களுக்குக் கண் கலங்கும். போட்டோவும் எடுப்பீர்கள். குடியாத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் நீங்கள் நுழைந்தால் அதே வயதுக் குழந்தை என்ன செய்யும்? அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்க்கும். அதுதான் சரியாக வளர்கிற குழந்தை. யாரைக் கண்டாலும் ஒட்டிக்கொள்வது, தனக்கென்று ஒருவர் இல்லாமல் வளர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-ல் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் பாசம் காட்டிவிட்டு நீங்கள் விமானம் ஏறுகிறீர்கள். அடுத்த வாரம் வேறொருவர் வருவார். அவரும் போவார்.

அப்போ வெளிநாட்டுக்காரர் உதவவே கூடாதா? வேலூரில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னால் அடிக்க வருவீர்கள்! இங்கே சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் பிறந்தவர்தான், ஆனாலும் அமெரிக்கர். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று வீட்டார் மறுத்ததால், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு அவர் மருத்துவரான கதை உங்களுக்கு மனப்பாடம், விடுங்கள். எனக்குப் பெரிதாகப் படுவது 1909-ம் 1918-ம். முதலில் நர்சிங் பள்ளி, அப்புறம் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. எல்லாப் பிரசவத்தையும் தானே பார்க்க அவர் நினைக்கவில்லை. உள்ளூர்ப் பெண்களைத் தயார் செய்தார். நீங்களும் அப்படிப் போங்கள். உடல் ஊனமுள்ள பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது, எப்படி உட்கார வைப்பது என்று அந்த ஊர்ப் பணியாளருக்கும் தாய்க்கும் சொல்லிக் கொடுங்கள். போகும் முன், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப என்ன முயற்சி நடக்கிறது என்று கேளுங்கள். உங்களிடம் காவல்துறை நற்சான்றுகூடக் கேட்காத இடம் வேறு யாரையெல்லாம் உள்ளே விட்டிருக்கும்?

இன்னொன்று. கணவனை இழந்து பீடி சுற்றிப் பிழைக்கும் தாய், வேறு வழியில்லாமல் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது நம் மாவட்டத்திலும் உண்டு. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் அப்படிப்பட்ட குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பல தாய்மார்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் வருமானச் சான்று வாங்கி, படிவம் நிரப்பித் தர ஆள் வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.