உப்பில்லாப் பண்டம்: கஞ்சிப் பூசை மேடையில் பேசியது

(ஆடி மாதம், தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் மாரியம்மன் கஞ்சிப் பூசை அன்று கோயில் மண்டபத்தில் பேசியது. கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னதால் எழுதினேன். அங்கே விட்டுப்போனது இங்கேயும் விட்டுத்தான் போயிருக்கிறது.)

எல்லோருக்கும் வணக்கம்.

மேடையில் இருக்கும் கோயில் தலைவர் ஐயாவுக்கு முதல் வணக்கம். முப்பது வருடமாக இந்தக் கோயில் சாவியை இடுப்பில் வைத்திருப்பவர், அவர் திறக்காமல் இந்த மண்டபத்தில் எதுவும் நடந்ததில்லை. செயலாளர் தம்பிக்கு வணக்கம். பத்து நிமிடம் என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்திருக்கிறார், கடிகாரத்தை வேறு என் முன்னால் திருப்பி வைத்திருக்கிறார். நம் வார்டு கவுன்சிலர் அவர்கள் வேறு மூன்று நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள், நன்றி. மாதர் சங்கத்து அக்காமார்கள் விடிகாலை மூன்று மணியிலிருந்து அடுப்படியில் நிற்கிறார்கள். உண்மையில் மாலை அவர்களுக்குத்தான் போட்டிருக்க வேண்டும். டர்பனிலிருந்து வந்திருக்கும் டாக்டர் அம்மாவுக்கும் வணக்கம். நான் தப்பாகச் சொன்னால் அங்கேயே கையைத் தூக்குங்கள் அம்மா, ஓய்வு பெற்ற நர்ஸுக்கு அதெல்லாம் பழக்கம்தான். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் காதோடு சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் என்ன செய்வது, அதைப் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று தண்ணீர். இரண்டு துத்தநாகம், அதாவது ஜிங்க், கூடவே தடுப்பு மருந்து. மூன்று சாப்பாடு.

எங்கள் ஆயா எதற்கெடுத்தாலும் ஒரே பழமொழிதான் சொல்வார், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே". கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனாலும் அதையே சொல்வார், ரேடியோ நாடகம் பிடிக்காவிட்டாலும் அதையே சொல்வார். அது சமையல் பழமொழி என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மருத்துவமும்தான் என்று தெரிந்தது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை அன்று. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். வீட்டில் பாதிப் பேர் உம்பிலோ கோயிலுக்குத் தீமிதிக்குப் போய்விட்டார்கள். அண்ணி வீட்டில் பதினோரு மாதக் குழந்தை, விடிந்ததிலிருந்து ஆறு தடவை வயிற்றால் போயிருந்தது, இரண்டு தடவை வாந்தி. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் குழந்தையைச் சுற்றி ஏழு டாக்டர்கள் இருந்தார்கள். எல்லோரும் நம் சொந்தக்காரர்கள். பெரியம்மா, "பல் முளைக்குது, அதுதான்" என்றார். அத்தை, "பாலை நிறுத்து, வயிறு காயட்டும்" என்றார். பக்கத்து வீட்டு ஆயா திருநீறு கொண்டுவந்தார், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பூசினோம். சித்தப்பா தன் மகனுக்குப் போன மாதம் வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப்பில் பாதி மிச்சம் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்றார். மாமா இருக்கிறாரே, அவர் எதுவும் பேசவில்லை, நேராகக் கடைக்குப் போய் ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் லெமனேட் வாங்கிவந்து, சொம்பில் ஊற்றி, முள்கரண்டியால் கலக்கு கலக்கு என்று கலக்கிக்கொண்டிருந்தார். ஏன் மாமா என்றேன். "கேஸ் போகணும்மா, கேஸ் போனால் மருந்து" என்றார். சிரிக்கிறீர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த முள்கரண்டி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்!

நான் படித்தது வெறும் இரண்டு வருடம், ஏழு பேரிடம் என் பேச்சு எடுபடுமா? எங்கள் ஆயாதான் அந்த லெமனேடை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இதில் உப்பு எங்கே? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லி அப்படியே சிங்கில் கவிழ்த்தார். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தக் காலத்து விலைக்கு அது சின்னக் காசு இல்லை. அந்தக் காலி பாட்டிலை வெந்நீரில் நன்றாகக் கழுவினோம், வீட்டில் ஒரு லிட்டர் அளக்க வேறு எதுவும் இல்லை. கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டர், மட்டமாக எட்டு டீஸ்பூன் சர்க்கரை, மட்டமாக அரை டீஸ்பூன் உப்பு. ஆயா மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும், இன்னும் மெதுவாக. அண்ணி இடையில் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருந்தார். தீமிதி முடிந்து போனவர்கள் கரிப்பாதத்தோடு திரும்பி வந்தபோது குழந்தை அழுதது, கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகையில் கண்ணீர் வந்தால் நர்ஸுக்குச் சந்தோஷம், உடம்பில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழந்தைக்கு இப்போது தலை வழுக்கை. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், பேர் சொல்ல மாட்டேன்.

ஆயா சொன்னதில் விஞ்ஞானம் என்ன என்றால், குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது, உப்பும் சர்க்கரையும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும், திறந்தால் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். 1960-இல் ராபர்ட் கிரேன் என்பவர் இதைச் சொன்னார். காலரா வந்து குடல் படுத்துவிட்டாலும் அந்த ஒரு கதவு மட்டும் வேலை செய்கிறது. 1968-இல் டாக்காவில் நேலின், கேஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தே காட்டினார்கள். உப்பில்லாமல் வெறும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் அது எங்கே போகும்? நாப்பிக்குத்தான் போகும். அதுவும் வழக்கமான கோலாவில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை. கிளினிக்கில் தரும் ஓஆர்எஸ், அதாவது தண்ணீரில் கரைக்கிற உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட்டில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அளவு மீறின சர்க்கரை உடம்பில் இருக்கிற தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக் கொட்டிவிடும். மாமா முள்கரண்டியால் போக்கியது கேஸை மட்டும்தான்.

1971-இல் வங்காளதேசப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகள் இந்தியப் பக்கத்துப் போங்காவ்ன் முகாமில் காலராவில் தரையில் கிடக்கிறார்கள், ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகலானாபிஸ் என்ன செய்தார்? உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த தண்ணீரைப் பெரிய டிரம்களில் வைத்து, குழாய் மாட்டி, சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் நாலு பேருக்கும் குறைவாக ஆனது. அம்மாவும் அக்காவும் கிழவியும் ஸ்பூனும் டம்ளருமாகக் கொடுத்தே இவ்வளவு. அவர் 2022-இல் இறந்தார், அடுத்த வருடம்தான் இந்தியா பத்ம விபூஷண் கொடுத்தது. கொஞ்சம் முன்னாலேயே கொடுத்திருக்கலாம், சரி.

நம் பக்கமே பாருங்கள். 2000, 2001-இல் நம் மாகாணமான குவாசுலு-நட்டாலில் காலரா வந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். இறந்தது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீருக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை. பழமொழியை நம்பி உப்பை அள்ளிப் போடாதீர்கள். அரை டீஸ்பூன் என்றால் மட்டமாக அரை. குவியலாகப் போட்டால் குழந்தைக்கு வலிப்பு வரும். கிளினிக்கில் தரும் குழந்தைகளுக்கான ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் அளவு போட்டிருக்கிறது. வேறு நாடுகளில் ஆறு ஸ்பூன் சர்க்கரை என்பார்கள், குழம்ப வேண்டாம், இங்கே எட்டு. பாக்கெட் கிடைத்தால் பாக்கெட்டே மேல். கண் குழி விழுந்தால், துவண்டு கிடந்தால், குடிக்கவே மறுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு கிளினிக்குக்கு ஓடுங்கள்.

ஜிங்க் மாத்திரை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் கீழே 10, பத்து முதல் பதினாலு நாள். வயிற்றோட்டம் நின்ற பிறகும் நிறுத்தக் கூடாது. இது 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சொன்ன அளவு. குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் கொண்டுவரும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பு மருந்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆப்பிரிக்காவிலேயே முதலில், 2009-இல், எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க ஆரம்பித்தது நம் நாடுதான். ஆனால் தம்பி கடிகாரத்தைத் தட்டுகிறார், டாக்டர் அம்மா பிறகு சொல்வார்கள்.

கவுன்சிலர் ஐயா, நீங்கள் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரில் பல மாதம் குழாயில் தண்ணீர் இல்லை. வாளியோடு லாரிக்கு நின்றவர்களிடம் கை கழுவுங்கள் என்று பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. குழாயை நீங்கள் பாருங்கள், ஸ்பூனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்போது சாப்பாடு. வயிற்றோட்டத்தில் குழந்தையைப் பட்டினி போடுவதுதான் பெரிய தப்பு. அடிக்கடி வயிற்றால் போகிற குழந்தை வளராது, வளராத குழந்தைக்கு அடிக்கடி வயிற்றால் போகும், செக்கு மாடு மாதிரி அதே வட்டம். 2016 கணக்கில் நம் நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழே நூற்றுக்கு 27 குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இங்கே ஒரு நல்ல ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். டாக்காவின் சேரியில் மெலிந்த குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை, வாழைக்காய் சேர்த்து மாவு செய்து கொடுத்தார்கள், 2021-இல் முடிவு வந்தது. வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவு, ஆனாலும் எடை நன்றாக ஏறியது, குடலில் இருக்கிற நல்ல கிருமிகளும் தேறின. கடலை, வாழைக்காய்! நம் ஆயாக்கள் கேட்டால் இதற்கா இத்தனை படிப்பு என்பார்கள். அப்படிச் சொல்லவும் கூடாது, எது எவ்வளவு என்று அளந்து நிரூபிப்பது சாதாரண வேலை இல்லை. இதைப் பற்றி விரிவாக...

விரிவாகப் பேச நேரம் இல்லை, ஏனென்றால் நான் வந்த காரியம் வேறு. நான்கு வருடமாக ஆண்டுக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருப்பது தலைவர் ஐயாவுக்குத் தெரியும். 1860-இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம்மவர்கள் இங்கே வந்தது எதற்கு? கரும்புக்கு. அந்தச் சர்க்கரையை வெட்டி வெட்டி முதுகு ஒடிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதையே பாட்டிலில் வாங்கிக் குடித்து டயாபிடிஸ் மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறோம். 2018 ஏப்ரலில் அரசாங்கமே கூல்டிரிங்குக்கு வரி போட்டுவிட்டது. நாம் என்ன செய்கிறோம்? அம்மாளுக்குப் புளித்த கஞ்சி படைக்கிறோம், ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், அப்புறம் பந்தலில் போய்க் குழந்தை கையில் ஆரஞ்சு சோடாவைக் கொடுக்கிறோம். கஞ்சியில் மாவு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. சோடாவைப் பார்த்தால் எங்கள் ஆயா என்ன சொல்வார்? நீங்களே சொல்லுங்கள். ஆமாம், உப்பில்லாப் பண்டம் குப்பையிலே!

நன்கொடையாக வருகிறது, வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகும் என்கிறார் பொருளாளர். நோகட்டும். சோடா தருகிறவரிடம் தயிர் கேளுங்கள், மோர் கரைக்கலாம். எலுமிச்சம்பழம் கேளுங்கள். அடுத்த ஆடிக்கு இந்தப் பந்தலில் கூல்டிரிங்க் பெட்டி ஒன்றுகூட இறங்கக் கூடாது. அந்த இடத்தில் ஒரு மேசை, ஒரு லிட்டர் பாட்டில், ஒரு டீஸ்பூன், சுவரில் எட்டும் அரையும் தமிழிலும் இங்கிலீஷிலும் சுலுவிலும் எழுதின அட்டை. அட்டைக்கு நான் காசு தருகிறேன்.

இதற்குச் சம்மதம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். மாமா, நீங்களும்தான். செயலாளர் தம்பி, எண்ணிக்கொள்ளுங்கள், அடுப்படியில் கரண்டியைத் தூக்கிக் காட்டுகிற அக்காமார்களையும் சேர்த்து.