சோளத்தட்டைக்குச் சொந்தப் பெயர் உண்டு

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கதவைத் திறந்துவைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஐயா அவர்களே, அவருக்குப் பக்கத்தில் மருத்துவர் ஐயா அவர்களே, பின்னால் நிற்கும் கல்லூரித் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்த மண்டபத்தில் இது எனக்கு நான்காவது. முதல் மூன்றையும் வட்டத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கரையைப் பார்த்தால் இன்று போர்த்தியதும் அதில் ஒன்றுதானோ என்று தோன்றுகிறது. பரவாயில்லை, பொன்னாடை சுற்றி வரட்டும். தேநீர் ஏற்பாடு செய்த அன்பருக்கும் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன். கடைசியில் மணி அடித்துவிட்டால் மறந்துபோகும்.

இன்று வட அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான ஷானி மக்களின் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். மூன்று விஷயங்கள் சொல்வேன். ஒன்று, அவர் வாழ்க்கை. இரண்டு, அவர் குடும்பம். மூன்று, ஷானிகளின் ஐந்து பிரிவுகளும் அவர்கள் சபை நடத்திய விதமும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் பெயர். ஆங்கிலேயர்கள் அவரைக் கார்ன்ஸ்டாக் என்றார்கள். மக்காச்சோளத் தட்டை என்று அர்த்தம். நம் ஊரில் தட்டை என்றால் மாட்டுக்குப் போடுவது. அவர்களுக்கு மக்காச்சோளம்தான் சோறு, அதனால் அது மரியாதையான பெயர்தான். ஆனால் அவருடைய ஆட்கள் அவரை அழைத்தது ஹோகொலெஸ்க்வா என்று. கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, இல்லையா? நாமெல்லாம் தஸ்தயேவ்ஸ்கி என்று தடுமாறாமல் சொல்கிறோம். இதையும் சொல்லலாம். எங்கே, எல்லோரும் ஒருமுறை சொல்லுங்கள்... நன்றி. தாசில்தார் ஐயா உதட்டை மட்டும் அசைத்தார், பார்த்தேன்.

ஹோகொலெஸ்க்வா 1720ஐ ஒட்டிப் பிறந்தவர். மெகோச்சே என்ற பிரிவைச் சேர்ந்தவர். (பிரிவுகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே சியோட்டோ ஆற்றுச் சமவெளியில் அவர் ஊர். இளவயதில் அவர் சாந்தமூர்த்தி ஒன்றுமில்லை. 1763இல் வர்ஜீனியாவின் கிரீன்பிரையர் பக்கம் குடியேறியவர்கள்மேல் நடந்த கொடூரமான தாக்குதலை நடத்தியவர் அவர்தான் என்பார்கள். அதை மறைத்துவிட்டு நான் கதை சொல்ல மாட்டேன்.

சரி, சண்டை எதற்கு? இங்கேதான் என் பழமொழி வருகிறது. என்னைத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!’ அடுத்தவன் வீட்டு நெய் என்றால் அள்ளி அள்ளி ஊற்றலாம், கை வலிக்காது. 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் ஓர் ஒப்பந்தம் நடந்தது. இரோக்குவா என்ற வேறு பூர்வகுடிகளின் கூட்டமைப்பு, ஒஹாயோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த பெரும் நிலப்பரப்பைப் பிரிட்டிஷாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியவர்கள் ஷானிகள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கொடுத்தவர்கள் வேறு, வாங்கியவர்கள் வேறு, நெய் மட்டும் ஷானி வீட்டு நெய்.

அதன் பலன் 1774இல் வர்ஜீனியர்களோடு வந்த போர். ஹோகொலெஸ்க்வா அந்தப் போரை விரும்பவில்லை. பதற்றம் முற்றிய நேரத்தில், தங்கள் ஊர்களில் மாட்டிக்கொண்ட வெள்ளை வியாபாரிகளைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவரத் தன் சொந்தச் சகோதரரையே துணைக்கு அனுப்பினார். சில்வர்ஹீல்ஸ் என்று ஆங்கிலேயர் குறித்துவைத்த மனிதர். காப்பாற்றிக் கொண்டுபோனவரையே குடியேறிகள் வழிமறித்துத் தாக்கிக் காயப்படுத்தினார்கள்.

அப்புறம் 1774 அக்டோபர் 10. கனாவா ஆறு ஒஹாயோவில் கலக்கும் முனை, பாயின்ட் பிளசன்ட். ஆண்ட்ரூ லூயிஸ் தலைமையில் சுமார் ஆயிரம் வர்ஜீனியர்கள். விடியலில் தொடங்கிய சண்டை பொழுது சாயும்வரை நடந்தது. ‘உறுதியாக நில்லுங்கள், உறுதியாக நில்லுங்கள்’ என்று ஹோகொலெஸ்க்வாவின் குரல் மரங்களுக்கிடையே கேட்டுக்கொண்டே இருந்ததாக எதிரிகளே சொல்லியிருக்கிறார்கள். வர்ஜீனியர் பக்கம் எழுபதுக்கும் மேல் செத்தார்கள்; தளபதியின் தம்பியும் அதில் ஒருவர். ஷானிகள் பக்கம் இறந்தவர்களில் புகெஷின்வா என்பவர் ஒருவர். அவருடைய ஆறு வயதுப் பையன்தான் பிற்காலத்தில் டெக்கும்சே என்று உலகம் அறிந்த ஷானித் தலைவன். அவனைப் பற்றிப் பேச இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள் தலைவர் அவர்களே.

வெல்ல முடியாது என்று தெரிந்ததும் ஹோகொலெஸ்க்வா சபையைக் கூட்டினார். பெண்களையும் பிள்ளைகளையும் நாமே கொன்றுவிட்டுச் சாகும்வரை சண்டை போடுவோமா என்று கேட்டாராம். யாரும் வாய் திறக்கவில்லை. கைக்கோடரியைக் கம்பத்தில் வெட்டி இறக்கிவிட்டு, அப்படியானால் நான் போய்ச் சமாதானம் பேசுகிறேன் என்று கிளம்பினார் என்று சொல்வார்கள். ஒஹாயோவுக்குத் தெற்கே இனி வேட்டைக்கு வருவதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதைக் கடைசிவரை காப்பாற்றினார்.

இனி நான் சொல்லப்போவது 1777 நவம்பர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நூலகர் அம்மா, அந்த மின்விசிறியைக் குறையுங்கள்.

அமெரிக்கச் சுதந்திரப் போர் நடக்கிறது. பாயின்ட் பிளசன்டில் அதே முனையில் ராண்டால்ஃப் கோட்டை என்று ஒன்று எழுந்திருக்கிறது. தளபதி ஆர்பக்கிள். அங்கே ஹோகொலெஸ்க்வா தானாகவே நடந்து போகிறார். ‘என் ஆட்களில் பலர் பிரிட்டிஷார் பக்கம் சாய்கிறார்கள். நான் தடுத்துப் பார்க்கிறேன், வெள்ளம் இழுக்கிறது’ என்ற சங்கதியைச் சொல்லத்தான் போனார். எச்சரிக்கை செய்ய வந்த மனிதரை ஆர்பக்கிள் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டார்.

அப்போது கோட்டையில் இருந்த ஜான் ஸ்டூவர்ட் என்ற அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். கிழவர் ஒருநாள் தரையில் உட்கார்ந்து சுண்ணக்கட்டியால் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தாராம். ஒஹாயோவுக்கும் மிசிசிப்பிக்கும் நடுவே உள்ள நாடு, இந்த ஆறு இப்படிப் போகிறது, அந்த ஆறு அங்கே சேர்கிறது என்று. அந்த நேரத்தில் அக்கரையிலிருந்து ஒரு கூவல். கை நின்றது. அது என் மகன் குரல் என்றார். எத்தனை பேர் கூவினாலும் பெற்றவனுக்குத் தன் பிள்ளை குரல் தெரியாதா? எலினிப்சிகோ, அவர் மகன். அப்பா என்ன ஆனார் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறான். கோட்டைக்குள் வந்தான். அப்பனும் மகனும் கட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் இரண்டு சிப்பாய்கள் கனாவா ஆற்றைத் தாண்டி மான் வேட்டைக்குப் போனார்கள். அவர்களில் கில்மோர் என்பவனை யாரோ மறைந்திருந்து கொன்றுவிட்டார்கள். படகில் உடல் வந்து இறங்குவதற்குள் ‘கோட்டையில் இருக்கிற ஷானிகளைக் கொல்லுவோம்’ என்று சிப்பாய்க் கூட்டம் கிளம்பிவிட்டது. ஸ்டூவர்ட்டும் ஆர்பக்கிளும் தடுக்கப் பார்த்தார்கள். துப்பாக்கியை அவர்கள் பக்கமே திருப்பினார்கள். மொழிபெயர்ப்பாளரின் மனைவி முன்னால் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள்: உங்கள் மகனோடு வந்தவர்கள்தான் கொன்றார்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்! பையன் நடுங்கினான். நான் தனியாகத்தான் வந்தேன் என்றான். அப்பா அவனைப் பார்த்து, பயப்படாதே, நாம் சேர்ந்து சாக வேண்டும் என்றுதான் மேலே இருப்பவர் உன்னை இங்கே அனுப்பியிருக்கிறார் என்றார். காலடிச் சத்தம் வாசலுக்கு வந்ததும் எழுந்து நின்று அவர்களை எதிர்கொண்டார். ஏழெட்டுக் குண்டுகள். மகன் உட்கார்ந்த இடத்திலேயே செத்தான். அறையில் இருந்த மற்ற இருவரையும் விடவில்லை. தரையில் வரைந்த ஆறுகள் என்ன ஆகியிருக்கும் என்று நான் சில ராத்திரி யோசித்திருக்கிறேன்.

வர்ஜீனிய ஆளுநர் பாட்ரிக் ஹென்றி கடுமையாகக் கண்டித்தார். 1778இல் வழக்கு நடந்தது. சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. எல்லோரும் விடுதலை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். குடும்பத்துக்கு வருகிறேன்.

ஹோகொலெஸ்க்வாவுக்கு ஒரு சகோதரி. நோன்ஹெலிமா. ஆறரை அடி உயரம் என்பார்கள். அவருக்கென்று தனி ஊரே இருந்தது. சகோதரனை அந்தக் கோட்டையில் கொன்ற அடுத்த வருடம், அதே கோட்டை முற்றுகையில் மாட்டியபோது, உள்ளே இருந்தவர்களுக்கு உதவியது இந்த அம்மாள். கிரீன்பிரையரை எச்சரிக்கக் கிளம்பிய இரண்டு பேருக்குத் தன் கையால் ஷானி வீரர்கள்போல வேடம் போட்டு அனுப்பினார். ஏன் செய்தார்? சமாதானம் என்று சகோதரன் கொடுத்த வாக்கை அவர் தூக்கிச் சுமந்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். மருத்துவர் ஐயா தலையை ஆட்டுகிறார். அவருக்கு வேறு கருத்து இருக்கலாம்.

1785இல் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் சொந்தச் சமவெளியில் ஆயிரம் ஏக்கர் கேட்டார். கிடைத்தது தினப்படி ரேஷனும் வருஷத்துக்கு ஓர் உடையும் கம்பளியும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு அவர்களுக்கே படி அளக்கிறார்கள். மறுவருடம் அவர் கணவர் மொலுந்தாவைக் கெண்டக்கிப் படையாள் ஒருவன் கோடரியால் வெட்டினான். அமெரிக்கக் கொடியைப் பிடித்தபடி சரணடைந்து நின்ற கிழவர் அவர்.

இப்படிப்பட்ட பெண்மணியை வரலாறு என்ன பெயரில் குறித்தது தெரியுமா? கிரெனடியர் ஸ்குவா. கிரெனடியர் என்றால் ஒரு வகைப் படைவீரர். ஸ்குவா என்பது பூர்வகுடிப் பெண்களைக் குறிக்கும் வசைச்சொல். 2022இல் அமெரிக்க உள்துறையே அந்தச் சொல் இருந்த சுமார் 650 இடப்பெயர்களை நீக்கி மாற்றியது. அவர்களே மாற்றுகிறார்கள். நாம்? இதோ எனக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைப் பாருங்கள். ‘செவ்விந்தியர் கதைகள்.’ கொலம்பஸ் வழி தவறிப் போய் இறங்கியதற்கு நம் நாட்டுப் பெயரைத் தூக்கி அவர்களுக்கு வைத்தான். நாம் அதற்குச் சிவப்புச் சாயமும் அடித்தோம். அதுவும் ஊரான் வீட்டு நெய்தான். ஷானி, செரோக்கி, லெனாப்பே, மோஹாக் என்று அவரவர் பெயர் இருக்கிறது. அந்த அட்டையை மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். நூலகர் அம்மாமேல் தப்பில்லை, மேலே எழுதிக் கேட்க வேண்டுமாம். அதனால்தான் வாசலில் மேசை போட்டு ஒரு தாள் வைத்திருக்கிறேன். இதுவரை பதினோரு கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது, ஒன்று என் மைத்துனருடையது.

மணி அடித்துவிட்டார்கள். ஐந்து பிரிவுகள் அடுத்த தடவை.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹோகொலெஸ்க்வாவின் எலும்புகளை இரண்டு முறை தோண்டி எடுத்து இடம் மாற்றினார்கள். 1954இல் கடைசியாக, இரண்டு ஆறுகளும் சேரும் அந்த முனையில் இருக்கும் பூங்காவில் வைத்தார்கள். சில பற்கள், சில எலும்புத் துண்டுகள், அவ்வளவுதான் மிச்சம். மேலே ஒரு கல். கல்லில் கார்ன்ஸ்டாக் என்றுதான் வெட்டியிருக்கிறது.

மேசை வாசலுக்கு இடது பக்கம், தேநீருக்கு முன்னால். பேனா நூல் கட்டி வைத்திருக்கிறேன், எடுத்துப் போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.